சாய்ந்த மரக் கொட்டகை: பிரிப்பதற்கு முன் சாட்சியம்

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் விறகும் தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்க மரக் கொட்டகை ஒன்று போட்டேன். பொருளும் கூலியும் சேர்த்து 2.8 லட்சம் ரூபாய். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. வாட்ஸ்அப் பேச்சும் ஜிபே ரசீதுகளும்தான் இருக்கின்றன. ஒரு மழைக்காலத்திலேயே சுவர் சாய்ந்துவிட்டது. பலகையைக் கழற்றினால், நிற்கும் சட்டங்கள் நாலடிக்கு ஒன்றுதான். அடிச்சட்டம் வெறும் மண்ணில் கிடக்கிறது. ஒப்பந்தக்காரர் "மரம்னா அசையத்தான் செய்யும்" என்கிறார். வேறு ஆசாரியை வைத்துச் சரிசெய்து, செலவை இவரிடம் வாங்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றே ஆசாரியைக் கூப்பிட்டுவிடாதீர்கள். இப்படிப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தால் அல்ல, அவசரத்தால். சுவரைப் பிரித்து நிமிர்த்திவிட்டால், பழைய சட்டம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று யார் சொல்வது? "நான் நன்றாகத்தான் கட்டினேன், இவர்கள்தான் கெடுத்தார்கள்" என்று அவர் சொல்லுவார்.

அதற்காக விழட்டும் என்றும் விடக்கூடாது. உள்ளிருக்கும் சாமான்களை வெளியே எடுங்கள். சாயும் பக்கம் முட்டுக்கட்டை கொடுங்கள். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ம் பிரிவின் கீழ் பார்ப்பார்கள்.

பிறகு ஒரு தேதி குறித்து, "அன்று பொறியாளர் பார்வையிடுகிறார், நீங்களும் வாருங்கள், 15 நாளில் சரிசெய்து தராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவைக் கோருவேன்" என்று அவருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டிலும், வாட்ஸ்அப்பிலும் போகட்டும். அவர் வராவிட்டாலும் பரவாயில்லை; அழைத்தீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கும். அளவு நாடாவைச் சட்டங்களுக்கு நடுவே பிடித்துப் படம் எடுங்கள். மூலைகளில் குறுக்குத் தாங்கல் இருக்கிறதா, கதவுக்கு மேல் உத்திரம் இருக்கிறதா, அடிச்சட்டம் போல்ட் போட்டு அஸ்திவாரத்தோடு பிணைக்கப்பட்டதா, ஈரமும் கரையானும் எதுவரை ஏறியிருக்கின்றன என்பதெல்லாம் பொறியாளரின் கையெழுத்திட்ட அறிக்கையில் வர வேண்டும். மண்ணைத் தொட்ட மரம் உளுத்துப்போனால் அது மரத்தின் குணமல்ல, கட்டியவரின் குறை. மழை கொட்டும் நீலகிரியில் தொழில் செய்கிறவர் இது தெரியாது என்று சொல்ல முடியாது.

இதற்குப் பின் தாராளமாகப் பழுது பாருங்கள். கழற்றிய சட்டங்களில் சிலவற்றை எரிக்காமல் வையுங்கள், புது வேலைக்குப் பில் வாங்குங்கள். அவர் சில்வர் ஓக் போட்ட இடத்தில் நீங்கள் தேக்கு போட்டால், அந்தக் கூடுதல் தொகை உங்கள் செலவு. முதலில் பேசிய தரத்துக்குக் கொண்டுவர ஆகும் செலவை மட்டும் கேளுங்கள். கூடக் கேட்டால் நியாயமான தொகையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அந்த போனையே பத்திரமாக வையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு கட்டித்தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி சேவை. இப்படிக் கட்டியது சேவைக் குறைபாடு. ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. காலவரம்பு 2 ஆண்டுகள். சாய்ந்த நாளைப் பார்க்காமல், வேலையை ஒப்படைத்த நாளிலிருந்தே கணக்கிடுங்கள், அதுதான் பாதுகாப்பு.

போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்ற எண்ணமும் வரும். மோசமாகக் கட்டியதாலேயே அது மோசடி ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். உங்கள் கேள்வியில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. ஆணையத்துக்கே போங்கள்.