பாம்புக்கு ஸ்வெட்டர் போட முடியாது: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: கோவையில் பால் பைத்தான் வாங்கி ஊட்டிக்குக் கொண்டுவந்தோம். மூன்று வாரமாக எலியைத் தொடவில்லை. இரண்டு நாளாக வாயைத் திறந்தே மூச்சு விடுகிறது.

பதில்: (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பந்துபோல் சுருள்வதால் வந்த பெயர்.) வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அது பெரிய விஷயமில்லை. என் கவலை அந்த மூச்சுதான். மூக்கோரம் நுரை, விசில் சத்தம் இருந்தால் அநேகமாக நுரையீரல் தொற்று. இன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

காரணம் குளிராகத்தான் இருக்கும். ஆப்பிரிக்க வெயிலில் பிறந்த இனம் இது. கூண்டின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 25க்குக் குறையாமல் வேண்டும். ஊட்டியில் ஜனவரி இரவு பூஜ்யத்தை ஒட்டி இறங்கும்போது அறை ஹீட்டரை மட்டும் நம்ப முடியாது. கூண்டுக்கடியில் ஹீட்டிங் பேட் வையுங்கள், கட்டாயம் தெர்மோஸ்டாட்டோடு (சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி). அது இல்லாமல் வயிறு வெந்துபோன பாம்புகளைப் பார்த்திருக்கிறேன். மழையில் கரண்ட் போனால்? வெந்நீர் பாட்டிலைத் தடித்த துணியில் சுற்றி உள்ளே வையுங்கள்.

கேள்வி: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (குன்னூர்)

பதில்: முதலில் தண்ணீர்க் கிண்ணத்தை. அடியில் கறுப்புக் கசகசா மாதிரி கிடந்தால் உண்ணி, திரும்பி வந்துவிடுங்கள். 'ஸ்பைடர்' என்ற நிற வகையில் தலை ஆடுவது பரம்பரைக் கோளாறு, மருந்தே இல்லை. விற்பவர் 'அழகாக ஆடுகிறது' என்பார். பரிவேஷ் தளப் பதிவையும் (வெளிநாட்டு உயிரினங்களைப் பதியும் மத்திய அரசு இணையதளம்) கேளுங்கள். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் புதியதற்கு 90 நாள் தனி அறை.

கேள்வி: பெண் பாம்பு 1,200 கிராம். இணை சேர்க்கலாமா? (கோத்தகிரி)

பதில்: 1,500 ஆகட்டும். இளைத்த பாம்புக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். முட்டை இட்டபின் புரட்டாதீர்கள், மேல்பக்கம் பென்சிலால் குறியிடுங்கள். 31, 32 டிகிரியில் சுமார் 60 நாளில் பொரியும்.

கேள்வி: குழந்தை பாம்புக்கு முத்தம் கொடுக்கிறாள்.

பதில்: வேண்டாம். வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி தொற்றலாம். ஐந்து வயதுவரை தொடவே விடாதீர்கள், நீங்களும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

கேள்வி: கேரட் தோட்டத்தில் வால் வெட்டுண்டது போன்ற பாம்பு கிடைத்தது. மண்ணுளியா? வளர்க்கலாமா? (கொடைக்கானல்)

பதில்: கேடயவால் பாம்பாக இருக்கும். அதில் பழனி மலையின் பெயரைத் தாங்கிய இனமே உண்டு. மண்புழு தின்று மண்ணுக்குள் வாழும், குட்டி போடும், விஷமில்லை. நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்க்க 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. சரி, சட்டத்தை விடுங்கள், கண்ணாடிப் பெட்டியில் அது பிழைக்காது. எடுத்த வரப்பிலேயே, ஈர மண்ணாகப் பார்த்து விட்டுவிடுங்கள்.