துன்பம், தீமை, விசுவாசம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தேவன் நல்லவர் என்றால் உலகத்தில் ஏன் இவ்வளவு தீமை?

பதில்: சபை வரலாற்றில் இதற்கு இரண்டு பழைய பதில்கள் உண்டு. தீமை தனியாகப் படைக்கப்பட்ட ஒன்றல்ல, நன்மை குறைந்துபோன நிலை; மனிதன் தன் சுயாதீனத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தது என்றார் ஆதி சபையின் ஆயர் அகஸ்டின். அவருக்கு முன்பே, 2ஆம் நூற்றாண்டில், மனிதன் முதிர்ச்சியில்லாதவனாகப் படைக்கப்பட்டு வளர்ந்துவருகிறான், துன்பம் அந்த வளர்ச்சிக்கு உதவுகிறது என்றார் இன்னொரு ஆயரான இரனேயு. முதல் பதில் கொலைகாரனின் கொடுமையை ஓரளவு விளக்கும், பூகம்பத்தை விளக்காது. இரண்டாவது, வளரவே வாய்ப்பில்லாமல் இறந்த குழந்தையின் முன் தடுமாறும். இரண்டையும் படியுங்கள். ஆனால் அழுகிறவரிடம் இவற்றைக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் விபத்தில் போய்விட்டான். நான் செய்த பாவத்துக்குத் தண்டனை என்கிறார்கள்.

பதில்: இல்லை அம்மா. எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொன்னார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் இதே பதில்தான் (யோவான் 9). பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை சரி. பிறகு விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள்; கடைசியில் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல்தான், கத்தி முறையிட்ட யோபுவின்மேல் அல்ல. உங்கள் வீட்டுக்கு வந்து அப்படிச் சொன்னவர்கள் அந்த நண்பர்களின் வேலையைத்தான் செய்தார்கள். நீங்கள் அழுங்கள், தேவனோடு சண்டைகூடப் போடுங்கள்.

கேள்வி: பரம்பரைச் சாபத்தை முறிக்கும் கூட்டத்துக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம். எசேக்கியேல் 18ஐப் படியுங்கள்; தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது.

கேள்வி: தொழிலில் நஷ்டம், மனைவிக்கு நோய். என்ன பாவம் செய்தேன்?

பதில்: இதே கேள்வி இன்னும் பலரிடமிருந்து வந்திருக்கிறது. மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதுதான் எல்லோருக்கும். தயவுசெய்து அதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கர்மாவும், பாவத்துக்குத் தண்டனை என்பதும் ஒன்றா?

பதில்: என் துறை அல்ல. இந்து தத்துவம் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 2004 சுனாமியில் வேளாங்கண்ணி ஆலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லையே. அது அற்புதம்தானே?

பதில்: உள்ளே இருந்தவர்கள் பிழைத்ததற்கு நன்றி சொல்லட்டும். ஆனால் அதே காலையில் அதே ஊர்க் கடற்கரையில் நூற்றுக்கணக்கான யாத்திரிகர்கள் செத்தார்கள். அவர்களும் அந்த மாதாவைத் தேடி வந்தவர்கள்தான். கட்டடத்தைக் காத்த தேவன் அவர்களை ஏன் விட்டார் என்று அவர்கள் வீட்டார் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கேள்வி: சாட்சி சொல்வதே தப்பா? உங்களுக்கு விசுவாசம் குறைவு.

பதில்: தம்பி, சாட்சி சொல்வது தப்பில்லை. அதைச் சட்டமாக்குவதுதான் தப்பு. அதே சுனாமியில் குமரி மாவட்டக் குளச்சலிலும் ஞாயிறு பூசைக்குப் போகிற குடும்பங்கள்தான் பிள்ளைகளைப் பறிகொடுத்தன. விசுவாசம் இருந்தவர் பிழைத்தார் என்றால், செத்தவருக்கு அது இல்லை என்றாகிறது. அதை நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: இந்த விவாதத்தைப் படித்தேன். அப்படியானால் சுனாமி வந்த அன்று தேவன் எங்கே இருந்தார்?

பதில்: 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று சிலுவையில் இயேசுவே கதறினார், அவருக்கும் விளக்கம் கிடைக்கவில்லை. கிறிஸ்தவன் நம்புவது, செத்தவர்களின் பக்கத்தில் இருந்த தேவனை. அந்த நாளுக்குக் காரணம் கண்டுபிடிக்க நான் முயல மாட்டேன்.

கேள்வி: மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, சாகத் தோன்றுகிறது. ஜெபம் போதுமா?

பதில்: இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மனநல மருத்துவரிடம் போங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல.

கேள்வி: துக்க வீட்டில் எதை வாசிக்கலாம்?

பதில்: 88ஆம் சங்கீதம். அதன் முடிவில்கூட ஆறுதல் வசனம் கிடையாது, அதனால்தான் சொல்கிறேன். பிரசங்கம் வேண்டாம். வாசித்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள்.