ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வேலைக்காக வெளிநாடு வந்து உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிறது. வாரக் கூட்டத்தில் நீங்கள் பேசி முடித்ததும் கூட வேலை செய்கிற ஒருவர், "இவர் என்ன சொல்ல வருகிறார் என்றால்..." என்று இழுத்து, நீங்கள் சொன்னதையே திரும்பச் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. "அக்கா, இங்கே மனசு புண்பட்டால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? உடனே திருப்பிக் கொடுப்பதா, விட்டுத் தள்ளுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது பாதி அவர் பேச்சு, மீதி பாதி உங்கள் சிரிப்பு. அடுத்தவர் அடித்ததைக்கூட மன்னித்துவிடுவோம், அடிபட்ட இடத்தில் நாமே கைதட்டினோமே என்பதைத்தான் தாங்க முடியாது. அந்தச் சிரிப்புக்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பத்தொன்பது வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறேன். முதல் மூன்று வருஷம் நான் சிரித்த சிரிப்பையெல்லாம் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும்.

அது ஏன் வருகிறது என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. தமிழில் ஒருவர் சுருக்கென்று ஏதாவது சொன்னால், சொல் காதில் விழும்போதே முகம் சூடாகிவிடும். வேற்றுமொழியில் அப்படி நடப்பதில்லை. முதலில் வார்த்தை பிடிபட வேண்டும். பிறகு அது கிண்டலா, நிஜமா, சும்மா பேச்சுவாக்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். முகத்துக்கு என்ன செய்வதென்று தெரியாது, சிரித்து வைக்கும்.

இது நம் கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. 2003-இல் வெளியானது. துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பிற்பாடு ஆங்கிலம் கற்றவர்களை வைத்து கேத்தரின் ஹாரிஸும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்தது. திட்டுகளையும் கெட்ட வார்த்தைகளையும் இரண்டு மொழியிலும் கேட்க வைத்து, தோலில் சட்டென்று ஏற்படும் வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். சின்ன வயசில் வாங்குகிறோமே, "வெட்கமாயில்லை உனக்கு?" என்கிற மாதிரியான கண்டிப்பு, அது தாய்மொழியில் வந்தபோது உடம்பு நன்றாகத் துள்ளியது. ஆங்கிலத்தில் அந்த அளவுக்கு இல்லை.

அப்படியானால் வேற்றுமொழியில் நமக்கு வலிக்கக் கூடாதே என்பீர்கள். வலிக்கும், ஆனால் தாமதமாக. என் அனுபவத்தில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வரும். ஏனென்றால் அப்போதுதான் அவர் சொன்னதைத் தமிழாக்குகிறோம். ஆக்கும்போது கொஞ்சம் காரத்தையும் சேர்த்துவிடுகிறோம். அந்த மனிதர் சொன்னது "இவர் என்ன சொல்ல வருகிறார் என்றால்". ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் காதில் ஒலித்தது "இவனுக்குப் பேசவே வரவில்லை". இரண்டாவதைச் சொன்னது அவர் இல்லை, உங்கள் தமிழ். அவர் மனசில் அதுவேதான் இருந்தது என்றும் ஆகலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

சரி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். எந்த நாட்டுக்காரர் எப்படி என்று பட்டியல் மட்டும் கேட்காதீர்கள். வந்த புதிதில் நானும் போட்டுப் பார்த்தேன், ஒரே வருஷத்தில் கிழித்துப் போட்டேன். ஒரே ஊரில் பிறந்து ஒரே பள்ளியில் படித்த இரண்டு பேர் என் அலுவலகத்தில் இருந்தார்கள். ஒருவர் அங்கேயே படபடவென்று பொரிந்து தள்ளிவிட்டு, பத்து நிமிஷத்தில் எதுவும் நடக்காத மாதிரி பக்கத்தில் வந்து உட்காருவார். இன்னொருவர் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று புன்னகைத்துவிட்டு, மூன்றாம் நாள் மேலதிகாரிக்கும் நகல் போட்டு ஒரு நீள மின்னஞ்சல் அனுப்புவார். எனக்குப் பொரிகிறவரைப் பார்த்தால்தான் முதலில் பயமாக இருந்தது. பின்னால் அது தலைகீழாக மாறிவிட்டது.

நான் எடுத்த வழி இந்த இரண்டும் இல்லை. பேச்சை நிறுத்திவிடுவது. சின்னப் பிள்ளைகள் டூ விடுகிற மாதிரிதான், வயசுக்கேற்ப கொஞ்சம் மரியாதையோடு.

இரண்டாவது வருஷம் அது. பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஒரு சந்தேகத்தை இரண்டாம் முறை கேட்டேன். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்து, பால்வாடிக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். எதிரே இருந்த இரண்டு பேர் கணினித் திரையை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். நான் "நன்றி" என்று சொன்னேன், அதோடு சரி. மறுநாளிலிருந்து காலை வணக்கத்துக்கு ஒரு தலையசைப்பு, வேலை சம்பந்தமாகக் கேட்டால் பதில், வேறு ஒரு வார்த்தை கிடையாது. எட்டு மாதம். அவள் பக்கம் நான் திரும்பாமல் உட்கார்ந்து கழுத்துக்கூட ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. இவளுக்குச் சரியான தண்டனை கொடுக்கிறோம், உள்ளுக்குள் உறுத்தும், ஒருநாள் வந்து கேட்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வேறு வேலை கிடைத்துப் போனாள். கடைசி நாள் சாயங்காலம் என் மேஜைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இத்தனை வருஷ வேலையில் உன்னை மாதிரி ஒரு நல்ல பக்கத்து இருக்கை எனக்கு அமைந்ததே இல்லை. தொணதொணவென்று பேசாமல் எவ்வளவு அமைதி!"

எட்டு மாத விரதம், தம்பி. அவள் அதை நிம்மதியாக அனுபவித்திருக்கிறாள்.

மௌனம் யாரையும் தைக்காது என்று சொல்ல வரவில்லை. நன்றாகவே தைக்கும். கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் நாயோடு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். யாரோ இரண்டு பேர் வீசி விளையாடிய பறக்கும் தட்டு இவர் பக்கம் வந்து விழுகிறது. எடுத்துத் திருப்பி வீசுகிறார். அவர்கள் இவருக்கும் வீசுகிறார்கள், கொஞ்ச நேரம் மூன்று பேரும் விளையாடுகிறார்கள். பிறகு காரணமே இல்லாமல் இவருக்கு வீசுவதை நிறுத்திவிடுகிறார்கள். முன்பின் தெரியாத ஆட்கள், இருந்தும் தனக்கு அவ்வளவு வலித்ததைக் கண்டு அவருக்கே ஆச்சரியம். அதையே கணினியில் பந்து வீசும் விளையாட்டாக்கிப் பல வருஷம் சோதனை செய்தார். எதிரே விளையாடுவது ஆட்களே இல்லை, வெறும் கணினி நிரல்தான் என்று சொல்லிவிட்டு ஒதுக்கினாலும் மனுஷருக்கு வலிக்கிறது என்று 2004-இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள்.

ஆனால் கவனியுங்கள், அங்கே பந்து வராதது விளையாடுகிறவருக்குத் தெரிகிறது. உங்கள் மௌனம் எதிராளிக்குத் தெரிய வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நீங்கள் கலகலவென்று பேசுகிற ஆளாக இருந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் கோபம் என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. மொழி வரவில்லை என்பார்கள், கூச்சம் என்பார்கள், ரொம்ப நல்ல பையன் என்பார்கள்.

உடனே திருப்பிக் கொடுப்பதையும் நான் சொல்ல மாட்டேன். நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை. கொதிக்கிற நேரத்தில் வேற்றுமொழி கைகொடுக்காது, இலக்கணம் முதலில் ஓடிப்போகும், அப்புறம் குரல் கீச்சிடும். சண்டை போட்டு வார்த்தைக்குத் தடுமாறுகிற ஆளைப் பார்த்து மறுபடியும் சிரிப்பார்கள். சியாட்டிலில் கணவன் மனைவி சண்டைகளைப் பல வருஷம் ஆராய்ந்த ஜான் காட்மன் ஒரு சோதனை செய்தார். வாக்குவாதம் முற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஆய்வுக் கருவியைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி நிறுத்தினார்கள். அரைமணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்கள், சண்டையைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. திரும்ப உட்கார்ந்தபோது நாடித்துடிப்பு இறங்கியிருந்தது, பேச்சும் பேச்சாக இருந்தது. அவர்களுக்கு அந்த அரைமணியை யாரோ ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நமக்கு மொழியே கொடுத்துவிடுகிறது. தாமதமாக வலிப்பதில் உள்ள ஒரே லாபம் இதுதான்.

அந்த இடைவெளியை நம்மவர்கள் பெரும்பாலும் எப்படிச் செலவு செய்கிறோம்? தொலைபேசியில். நானும்தான். முதலில் ஒரு தோழி, பிறகு தங்கை, பிறகு இன்னொருத்தி. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கதை கூர்மையாகும், எனக்கு ஓரிரண்டு நல்ல வசனம் கூடும். கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்று நம்புகிறோம். பிராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002-இல் இதைச் சோதித்தார். 600 கல்லூரி மாணவர்களை முதலில் கடுமையான விமர்சனத்தால் கோபப்படுத்தினார்கள். ஒரு பகுதியினரை, கோபப்படுத்தியவரை மனசில் நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தச் சொன்னார்கள். வேறொரு பகுதியினர் ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோபம் அதிகமாக மிஞ்சியது குத்தியவர்களுக்குத்தான். ஒருவரிடம் சொல்லுங்கள், அது வேண்டும். நாலாவது ஆளுக்கு எண்ணை அழுத்தும்போது அது குத்துப்பை ஆகிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, என்னதான் செய்வது? நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது இது. ஓரிரு நாள் கழித்து, அவர் தனியாக இருக்கும்போது போய், "இரண்டு நிமிஷம் பேசலாமா?" என்று கேளுங்கள். நாலு வாக்கியம் போதும். "போன கூட்டத்தில் நான் பேசியதை நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த தடவை நான் சொல்வது புரியவில்லை என்றால் என்னையே கேளுங்கள்." இவ்வளவுதான். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்பது வேண்டாம். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்ற காரணத்தையும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். அதைச் சொன்ன நிமிஷத்தில் பேச்சு அவர் குணத்தைப் பற்றிய வழக்காக மாறிவிடும், அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது.

பெரும்பாலும் கிடைக்கிற பதில், "ஐயோ, நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்." இந்த இடத்தில் நான் பல தடவை சறுக்கியிருக்கிறேன். "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நானே அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். "இருக்கலாம். ஆனாலும் கஷ்டமாக இருந்தது" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் ஒரு சங்கடமான அமைதி வரும். அதை நிரப்புவது அவர் வேலை. சிலர் மன்னிப்புக் கேட்பார்கள். சிலர் முகம் சிவந்து எழுந்து போய்விடுவார்கள், மறுவாரம் முதல் ஒழுங்காக நடந்துகொள்வார்கள். ஒன்றிரண்டு பேர் மாறவே மாட்டார்கள். என் விஷயத்தில் ஒருவர் மாறவில்லை. அவரோடு வேலை அளவில் நின்றுகொண்டேன், அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் சொன்னது வாய் தவறிய பேச்சுக்கு. ஒரே ஆள் திரும்பத் திரும்பச் செய்தால், உங்கள் நிறம், மதம், பிறந்த நாடு என்று தொட்டுப் பேசினால், நாலு வாக்கியத்தோடு மன்றாட வேண்டியதில்லை. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, யார் இருந்தார்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வைத்து, புகார் வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

இன்னொன்று. ராய் பாமைஸ்டரும் சகாக்களும் 1990-இல் ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொருவரையும் இரண்டு கதை எழுதச் சொன்னார்கள், தன்னை ஒருவர் கோபப்படுத்தியது ஒன்று, தான் ஒருவரைக் கோபப்படுத்தியது ஒன்று. அடிபட்ட கதையில் அந்த வலி பின்னாலும் நீண்டுகொண்டே போனது. அடித்த கதையில் ஏதோ ஒரு காரணம் இருந்தது, விஷயம் அன்றோடு முடிந்திருந்தது. எழுதியவர்கள் ஒரே ஆட்கள்.

போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், உங்கள் வயசுதான் இருக்கும், என்னிடம் வந்து நின்றான். மூன்று வாரத்துக்கு முன்னால் அவனுடைய அறிக்கையைப் பார்த்து நான் ஏதோ சொன்னேனாம், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம், அவனுக்குக் கஷ்டமாக இருந்ததாம். எவ்வளவு யோசித்தும் எனக்கு அப்படி ஒன்று நடந்த நினைவே இல்லை. "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்குவதற்கு எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவமும் தேவைப்பட்டது. அவன் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கூட்டத்தில் உங்களிடம் அப்படி நடந்துகொண்டவர் திங்கள்கிழமைதான் விடுப்பு முடிந்து வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று. அதுவரைக்கும் அந்த நாலு வாக்கியத்தையும் அவர் மொழியிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தமிழில் மட்டும் வேண்டாம், தமிழில் ஆரம்பித்தால் ஐந்தாவதும் ஆறாவதும் தானாக வந்துவிடும்.