எக்ஸ்க்ளூஷன் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள்? எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள்?

எந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசிதானே? வேறெதற்கு இந்தச் சொல்லைத் தேடப்போகிறீர்கள்.

பொருள் என்னவோ சின்னதுதான். உள்ளே விடாமல் கதவைச் சாத்துவது. லத்தீன் மூலத்திலேயே அதுதான் அர்த்தம். தமிழில் இடத்துக்கு ஒரு சொல். ஊரே ஒரு குடும்பத்தோடு பேச்சை நிறுத்தினால் ஊர்விலக்கு, தள்ளிவைத்தல். கட்டுரை எழுதுகிறவர்கள் சமூக விலக்கல் என்பார்கள். பாலிசியில் 'விலக்குகள்' என்று போடுகிறார்கள். இந்தக் கடைசிச் சொல்தான் எங்களுக்கு 38,000 ரூபாய் செலவு வைத்தது.

அப்பா 31 வருடம் வருவாய்த் துறையில் கோப்பு எழுதியவர். அவருக்குத் தெரிந்த விலக்கெல்லாம் வரிவிலக்கு, கட்டண விலக்கு, வயது வரம்பில் விலக்கு. 'விலக்கு அளித்து ஆணையிடப்படுகிறது' என்றால் யாரோ ஒரு புண்ணியவானுக்கு நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம். பாலிசியோடு வந்த தமிழ்க் கையேட்டில் 'விலக்குகள் (24 மாதங்கள்): கண்புரை, குடலிறக்கம், மூலம்...' என்று ஒரு வரி. சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'கண்புரைக்கு உண்டு' என்று எழுதியே வைத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு இதற்கெல்லாம் நம் கைக்காசு போகாது என்று அவர் கணக்கு.

பதினான்காவது மாதம் வலது கண். ஆபரேஷன் அன்று காலை இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண், "கேஷ்லெஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு சார், எக்ஸ்க்ளூஷன்ல வருது" என்றார். அப்பா மஞ்சள் பையிலிருந்து கையேட்டை எடுத்தார். "அதைத்தாம்மா நானும் சொல்றேன், விலக்கு குடுத்திருக்காங்களே." கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எழுத்து அவருக்குத் தெரியவில்லை. சிவப்புக் கோடு இருக்கும் இடத்தை விரலால் தடவித் தடவிக் காட்டினார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ஏடிஎம் எங்கே என்று கேட்டுக்கொண்டு இறங்கிப் போனேன்.

'முழுசாப் படிக்காதது உங்க தப்பு' என்று எழுத வருகிறவர்களுக்கு: படித்தார். படித்ததால்தான் வந்த வினை. அவருக்குத் தமிழ் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கம்பெனி ஏமாற்றியது என்றும் நான் சொல்லவில்லை. விதிப்படி அவர்கள் செய்தது சரி. 'இவற்றுக்குப் பணம் கிடையாது' என்று அச்சடிக்க என்ன கேடு என்றுதான் கேட்கிறேன்.

உங்களுக்கு உபயோகப்படுவதைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்க்ளூஷன் எல்லாம் ஒரே ரகம் இல்லை. பாலிசியில் 01 முதல் 18 வரை எண் போட்டு வருபவற்றில் முதல் மூன்று வெறும் காத்திருப்புதான்: ஏற்கெனவே உள்ள நோய், குறிப்பிட்ட சில நோய்கள், பாலிசி எடுத்த முதல் 30 நாள் (விபத்துக்கு இந்த 30 நாள் கணக்கு கிடையாது). காலம் முடிந்தால் பணம் உண்டு. முதல் இரண்டுக்கும் 48 மாதம் வரை இருந்த உச்சவரம்பை 2024 ஏப்ரலில் 36 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன், சாகச விளையாட்டுக் காயம் போன்றவை பின்னால் வரும். அவற்றுக்குப் பொதுவாக எத்தனை வருடம் கட்டினாலும் கிடையாது. அநியாயமாக மறுத்திருந்தால் ஒரு வருடத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன தையில் என் பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று பதினேழு பெயர், வெளிநாட்டில் இருக்கும் கைக்குழந்தை உட்பட. அப்பா பெயர் இல்லை. கேட்டதற்கு அண்ணன், "விட்டுப்போச்சுப்பா" என்றான். 'விட்டுட்டோம்' என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள், பெயர் அதுவாகவே எழுந்து போய்விட்ட மாதிரி. அப்பா அந்தப் பத்திரிகையையும் இரண்டு முறை வாசித்தார், கண்ணாடி போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை. வலது கண் இப்போது நன்றாகத் தெரிகிறது.