பழகிடும் சார்

கேள்வி: எங்கள் கல்லூரியில் சாப்ளினின் ‘தி கிட்’ (1921) ஊமைப் படத்தைப் போட்டார்கள். சின்னப் பையன் கல்லெறிந்து ஜன்னலை உடைக்கிறான். பின்னாலேயே சாப்ளின் போய்ப் புதுக் கண்ணாடி மாட்டிக் காசு வாங்குகிறார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது குழந்தையைச் சுரண்டுவதாகத்தான் பட்டது. பழைய படங்களை இன்றைய கண்ணாடி போட்டுப் பார்ப்பது தவறா?
– ஒரு மாணவி, காவேரிப்பட்டணம்

பதில்: கண்ணாடி என்று சொல்லி வாயைக் கிளறிவிட்டீர்கள். போன மாதம்தான் புதுக் கண்ணாடி மாற்றினேன். மேலே பார்த்தால் தூரம், கீழே பார்த்தால் கிட்டம். நடுவில் என்ன தெரியும் என்று கேட்டதற்குக் கடைத் தம்பி, “பழகிடும் சார்” என்றார். பழகவில்லை. மாடியிலிருந்து இறங்கினால் கடைசிப் படி இரண்டாகத் தெரிகிறது. எதில் கால் வைப்பது என்று நான் யோசிப்பதற்குள் கால் தானே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. அந்தக் கண்ணாடியோடுதான் சென்ற இதழுக்குப் புரூஃப் பார்த்தேன். ‘கரும்பு விவசாயிகள் ஆர்ப்பாட்டம்’ என்பது ‘குறும்பு விவசாயிகள் ஆர்ப்பாட்டம்’ என்று அச்சேறியது. பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, “நாங்க விலை கேட்டுத்தானுங்க உக்காந்தோம், குறும்புக்கு இல்லீங்க” என்றார். மன்னிப்புக் கேட்டேன். “பரவால்லீங்க, அதுக்கப்புறம்தான் நாலு பேர் படிச்சாங்க” என்றார்.

சரி, படத்துக்கு வருகிறேன். இன்றைய கண்ணாடியைத் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதுவும் என் கண்ணாடி ரகம்தான். நூறு வருஷத்துக்கு அப்பால் இருப்பது பளிச்சென்று தெரியும், காலடியில் இருக்கிற படி தெரியாது. கல்லெறிந்தது நடிப்பு. உண்மையில் உழைத்தவன் அந்த வேஷம் கட்டிய ஜாக்கி கூகன் என்ற ஐந்து வயசுப் பையன். உலகமே கொண்டாடிய அந்தப் பிள்ளை சம்பாதித்ததையெல்லாம் தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். வளர்ந்து ஆளாகி 1938-ல் கோர்ட்டுக்குப் போனான். மறு வருஷம் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் சம்பளத்தைக் காப்பாற்ற அவன் பெயரிலேயே சட்டம் வந்தது. நம் டிவியில் பாட்டுப் போட்டிக்கு நிற்கிற குழந்தைகளைப் பார்க்கும்போது அந்தக் கண்ணாடியை எங்கே கழற்றி வைக்கிறோம்?

இன்னொரு வேடிக்கை. இந்தப் படத்துக்கு முதலில் இன்றைய கண்ணாடி போட்டவர் சாப்ளினேதான். ஐம்பது வருஷம் கழித்து, 82 வயதில், தானே புது இசை அமைத்து மறுபடி வெளியிட்டார். அழுகாச்சி அதிகம் என்று நினைத்தாரோ என்னவோ, படத்தில் பெற்ற குழந்தையைக் கைவிடும் தாயின் காட்சிகள் சிலவற்றை வெட்டிவிட்டார். வெட்டியதில் ஒன்று: கல்யாணம் முடிந்து மாதா கோயிலிலிருந்து ஒரு ஜோடி வெளியே வருகிறது. பெண் சின்னவள், மாப்பிள்ளை கிழவர். அவள் பூச்செண்டிலிருந்து விழுந்த பூவைக் கிழவரின் கால் மிதிக்கிறது. கைக்குழந்தையோடு அதைப் பார்த்து நிற்கிற தாயின் தலைக்குப் பின்னால், கோயிலின் வண்ணக் கண்ணாடி ஒளிவட்டமாகத் தெரிகிறது. பாருங்கள், இங்கேயும் கண்ணாடி!

நான் அவர் பக்கத்தில் இருந்திருந்தால் கத்திரிக்கோலைப் பிடுங்கியிருப்பேன். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணுக்குக் கல்யாண வயது 14 என்றது. 1978-ல் அது 18 ஆனது. அஞ்செட்டி மலைப் பக்கம் இன்னமும் அதிகாரிகள் பந்தலுக்குப் போய்த் தாலியைத் தடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காட்சி அங்கே பழைய காட்சியே இல்லை.

நீங்கள் சிரிக்காமல் இருந்தது சரி. ஆனால் கண்டெடுத்த குழந்தைக்குச் சாப்ளின் கட்டிய அந்தத் தூளியைக் கவனித்தீர்களா? கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்ட துணி. பக்கத்தில் தொங்கும் காபிப் பாத்திரத்தின் மூக்கில் பால் ரப்பர். உட்காரும் பலகையில் ஓட்டை போட்ட நாற்காலி. தூளி, நம் வீட்டு விட்டத்தில் அம்மாவின் பழைய சேலையில் கட்டியதுபோலவே இருக்கிறது. அவர் மட்டும் இன்று இருந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாராவது போன் போட்டிருப்பார்கள். படத்திலும் அனாதை இல்லத்து வண்டி வரத்தான் செய்கிறது. கண்டெடுத்த குழந்தையைத் தானே வளர்ப்பதைப் படத்து அதிகாரிகளும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தில் தெருவுக்கு வந்தது ஆண் குழந்தை. 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் தருமபுரிக்கு வந்த, வேண்டாமென்று விடப்படும் குழந்தைகளை ஏற்கும் அரசுத் தொட்டிலில் விழுந்தவை பெரும்பாலும் பெண் குழந்தைகள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். அந்தப் படம் வந்த காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குட்டி ரயில் ஓடியது. இன்று நாம் மாவட்டத் தலைநகரம், ரயில் இல்லை. அடுத்த இதழுக்கு அதைப் பற்றிக் கேளுங்கள். இருபது வருஷமாகப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன், கேட்கத்தான் ஆளில்லை.