எத்தீரியம் கட்டணம்: தொகைக்கா, வேலைக்கா?

கேள்வி: வெளிநாட்டிலுள்ள நண்பருக்கு என் எத்தீரியம் வாலட்டிலிருந்து (கிரிப்டோ வலைப்பின்னல் ஒன்றின் பணப்பை) 20 யுஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் மதிப்புள்ள டோக்கன்) அனுப்பினேன். அதன் கால் பங்கு மதிப்பு கட்டணமாகவே போய்விட்டது. சில நிமிடங்கள் கழித்து அதே வாலட்டிலிருந்து 2,000 யுஎஸ்டிடி அனுப்பியபோதும் ஏறத்தாழ அதே கட்டணம்தான். இது என்ன கணக்கு?
– வாசகர், திருப்பூர்

பதில்: வங்கிக் கமிஷனை மனத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் இது விந்தையாகத் தோன்றுகிறது. தபால் நிலையத்தில் விரைவு அஞ்சல் அனுப்பும்போது உறையின் எடையைப் பார்க்கிறார்களே தவிர, உள்ளிருக்கும் காசோலை எத்தனை ரூபாய்க்கு எழுதப்பட்டது என்று கேட்பதில்லை அல்லவா? எத்தீரியமும் அப்படித்தான். உங்கள் பரிவர்த்தனையை நிறைவேற்ற வலைப்பின்னலிலுள்ள கணினிகள் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதே அங்கே எடை; அந்த எடையின் அலகுக்குக் ‘கேஸ்’ என்று பெயர்.

எத்தீரியத்தின் சொந்த நாணயமான ஈதரை ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்கு அனுப்ப 21,000 கேஸ் ஆகும். யுஎஸ்டிடி போன்ற டோக்கன் என்றால், அதன் ஒப்பந்த நிரல் இயங்கி இருவரது இருப்பையும் திருத்தி எழுத வேண்டியிருப்பதால், பெரும்பாலும் 45,000 முதல் 65,000 வரை செல்லும். ஒரு கேஸுக்கு என்ன விலை என்பது வேறு. அது நேரத்துக்கு நேரம் மாறும். அந்த விலையைக் ‘க்வெய்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு க்வெய். கேஸ் விலை 20 க்வெய் என்று இருக்கும்போது 65,000 கேஸ் செலவானால், பெருக்கி வருவது 13,00,000 க்வெய், அதாவது 0.0013 ஈதர். இந்தக் கணக்கில் 20 என்றோ 2,000 என்றோ நீங்கள் அனுப்பிய தொகை எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவே, அடிக்கடி சிறுசிறு தொகையாக அனுப்புவதைவிடச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புவதே முதல் சிக்கனம்.

அடுத்தது நேரம். 2021 ஆகஸ்டில் வந்த ‘லண்டன்’ மேம்பாட்டுக்குப் பிறகு, கேஸ் விலை இரண்டு பகுதிகளாகப் பிரிந்தது. ஒன்று அடிப்படைக் கட்டணம். இதை வலைப்பின்னலே நிர்ணயிக்கிறது, வசூலானதும் அந்த ஈதர் எவர் கைக்கும் போகாமல் எரிக்கப்பட்டு விடுகிறது. மற்றது, பிளாக்கை (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) உருவாக்கும் வேலிடேட்டருக்கு நீங்கள் விரும்பித் தரும் முன்னுரிமைக் கட்டணம். ஒரு பிளாக் முழுவதும் நிரம்பி வழிந்தால் அடுத்த பிளாக்கின் அடிப்படைக் கட்டணம் 12.5 சதவீதம் உயரும். காலியாக இருந்தால் அதே அளவு இறங்கும். 12 நொடிக்கு ஒரு பிளாக் என்பதால், தொடர்ந்து ஆறு பிளாக்குகள் நிரம்பினால் ஒன்றேகால் நிமிடத்துக்குள் கட்டணம் இரட்டிப்பாகிவிடும். நெரிசல் தணிந்தால் இறங்குவதும் அதே வேகத்தில்தான். அமெரிக்காவில் பின்னிரவாக இருக்கும் நமது காலை நேரத்திலும், சனி ஞாயிறுகளிலும் விலை பெரும்பாலும் தணிந்திருக்கும். அவசரமில்லாத பரிவர்த்தனையை அதுவரை தள்ளிவைப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

கேள்வி: செலவைக் குறைக்க எண்ணி வாலட்டில் ‘கேஸ் லிமிட்’ என்றிருந்த எண்ணைப் பாதியாக்கினேன். பரிவர்த்தனையும் தோற்றது, கட்டணமும் திரும்பவில்லை. இது நியாயமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். கேஸ் லிமிட் என்பது விலையன்று. வேலைக்கு நீங்கள் அனுமதிக்கும் உச்ச அளவு. 60,000 கேஸ் தேவைப்படும் பயணத்துக்கு 30,000 கேஸுக்கு மட்டும் பெட்ரோல் போட்டு அனுப்பினால் வண்டி நடுவழியில் நிற்கும். எரிந்த பெட்ரோல் எரிந்ததுதான். கணினிகள் அதுவரை உழைத்திருப்பதால் அந்தக் கட்டணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். மாறாக, லிமிட் தேவைக்கு மேல் இருந்தால் மிச்சமான கேஸுக்குப் பணம் பிடிக்கப்படுவதில்லை. வாலட் காட்டும் லிமிட்டை அப்படியே விட்டுவிட்டு, ‘அதிகபட்சக் கட்டணம்’ என்னும் விலைப் பகுதியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படி விலையைக் குறைத்து அனுப்பியது மூன்று மணி நேரமாக நிலுவையிலேயே நிற்கிறது. பின்னால் அனுப்பியவையும் நகரவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒவ்வொரு வாலட்டின் பரிவர்த்தனைகளுக்கும் ‘நான்ஸ்’ எனப்படும் வரிசை எண் உண்டு, முந்தைய எண் முடியாமல் அடுத்தது நகராது. நிற்கின்ற பரிவர்த்தனையின் அதே நான்ஸைக் கொண்டு, கட்டணத்தைக் குறைந்தது 10 சதவீதமேனும் உயர்த்தி மீண்டும் அனுப்பினால் பழையதன் இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். பரிவர்த்தனையே வேண்டாம் என்றால், அதே நான்ஸில் உங்கள் முகவரிக்கே பூஜ்யம் ஈதர் அனுப்புங்கள். ரத்து செய்வதற்கும் கட்டணம் உண்டு என்பதுதான் இதிலுள்ள வேடிக்கை.

கேள்வி: எத்தீரியத்தின் மேல் இயங்கும் ஆர்பிட்ரம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்கு வலைப்பின்னல்களில் கட்டணம் மிகக் குறைவு என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், கோவை

பதில்: குறைவு என்பது உண்மை. நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகளைத் தாமே நடத்தி, அவற்றின் சுருக்கத்தை மட்டும் ஒரே மூட்டையாகக் கட்டி எத்தீரியத்தில் பதிவதால், பதிவுச் செலவு எல்லோருக்கும் பங்காகிறது. 2024 மார்ச் 13 அன்று நடந்த ‘டென்கன்’ மேம்பாடு, இந்த மூட்டைகளுக்கென்று ‘பிளாப்’ என்னும் மலிவான தற்காலிக இடத்தை ஒதுக்கியது. சுமார் 18 நாள்களில் அந்தத் தரவு வலைப்பின்னல் கணினிகளிலிருந்து நீங்கிவிடும். இந்த மேம்பாட்டுக்குப் பிறகு இரண்டாம் அடுக்கில் கட்டணம் பெருமளவு சரிந்தது. சிறு தொகைகளைக் கையாள்பவருக்கு, நேரம் பார்த்துக் காத்திருப்பதைவிட இடம் மாறுவதே அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

ஆனால் போய்வரும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். எத்தீரியத்திலிருந்து அங்கே மாற்றுவதற்கு ஒரு முழுக் கட்டணம் உண்டு. ஆர்பிட்ரம், பேஸ் இரண்டிலும் அதிகாரப்பூர்வப் பாலம் (வலைப்பின்னல்களுக்கிடையே பணம் மாற்றும் வசதி) வழியாக எத்தீரியத்துக்குத் திரும்ப ஏறத்தாழ ஏழு நாள் காத்திருக்க வேண்டும். வாங்கும்போதே கிரிப்டோ விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரடியாக இரண்டாம் அடுக்குக்கு எடுக்க முடிந்தால் முதல் செலவு மிச்சம். பெறுபவரின் வாலட் அல்லது எக்ஸ்சேஞ்ச் அதே வலைப்பின்னலை ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முகவரி ஒன்றுபோலவே இருக்கும், வலைப்பின்னல் வேறாக இருக்கும். பலர் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். கட்டணத்துக்காக அங்கேயும் சிறிது ஈதர் கையிருப்பில் வேண்டும்; யுஎஸ்டிடி மட்டும் எவ்வளவு இருந்தாலும் சாதாரண வாலட்டிலிருந்து அதை அசைக்க முடியாது.

கேள்வி: கேஸ் கட்டணத்தை வருமான வரியில் செலவாகக் காட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: 2022 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. விற்பதற்காகவும் அனுப்புவதற்காகவும் கொடுத்த கேஸ் கட்டணம் உங்கள் கைச்செலவுதான்.