வாழ்த்துச் சொல்லக்கூடாத லீவு நாள்

கேள்வி: டல்லாஸில் இருக்கும் என் மகன், திங்கள்கிழமை மெமோரியல் டே, லீவு என்றான். நானும் ரோஜாப்பூ படம் போட்டு ‘ஹேப்பி மெமோரியல் டே’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ‘அம்மா, இதை வேற யாருக்கும் அனுப்பிடாதே’ என்கிறான். என்ன தப்பு? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பையன் சொல்வது சரிதான் அம்மா. அது பண்டிகை இல்லை, போரில் இறந்த அமெரிக்க வீரர்களை நினைக்கிற நாள். திவச வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்வோமா? உயிரோடு இருக்கிற முன்னாள் வீரர்களுக்கு நவம்பர் 11-ல் வெட்டரன்ஸ் டே தனியாக இருக்கிறது, அன்றைக்குத் தாராளமாக அனுப்புங்கள்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எந்த ஊரைப் பார்த்தாலும் புதுக் கல்லறைகள், அதில் பூ வைக்கிற வழக்கம் அங்கங்கே தானாகவே முளைத்தது. வடக்குத் தரப்பு முன்னாள் வீரர்கள் சங்கத்தின் தலைவர் ஜெனரல் ஜான் லோகன் 1868-ல் அதற்கு மே 30 என்று நாள் குறித்தார். அப்போது அதன் பெயர் டெக்கரேஷன் டே.

முதலில் ஆரம்பித்தது எந்த ஊர் என்பதில் இன்னும் சண்டைதான். 1966-ல் அரசாங்கம் நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூவுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டது. என் ஓட்டு தெற்குக் கரோலினா மாநிலத்து சார்ல்ஸ்டனுக்கு. அங்கே குதிரைப் பந்தய மைதானத்தில் தென் தரப்பு அடைத்து வைத்திருந்த வடக்குச் சிப்பாய்களில் 250 பேருக்கு மேல் செத்து, மொத்தமாகப் புதைக்கப்பட்டிருந்தார்கள். அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பின மக்கள் அவர்களைத் தோண்டி எடுத்து, முறையாக அடக்கம் செய்து, சுற்றிலும் வேலியும் போட்டார்கள். 1865 மே 1-ம் தேதி பள்ளிப் பிள்ளைகள் ரோஜாப்பூவோடு முன்னால் நடக்க, சுமார் பத்தாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ரொம்ப காலம் இதை யாரும் பேசவே இல்லை என்பது வேறு கதை.

கேள்வி: துக்க நாள் என்கிறீர்கள், மெத்தைக்கும் காருக்கும் தள்ளுபடி விளம்பரம் தூள் பறக்கிறதே? (வாசகர், கோவை)

பதில்: லீவைத் திங்களுக்கு மாற்றியதன் பலன். 1968-ல் போட்ட சட்டம் 1971-ல் நடைமுறைக்கு வந்தது. மே 30 போய் மே மாதத்தின் கடைசித் திங்கள் வந்தது, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு என்றால் கடைக்காரர் சும்மா இருப்பாரா? இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்த ஹவாய் செனட்டர் டேனியல் இனோயே, பழையபடி மே 30-க்கே மாற்றச் சொல்லி 1987-லிருந்து திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். 2012-ல் அவர் காலமாகும் வரை நடக்கவில்லை, இனி நடக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் எல்லாமே சேல்ஸ் ஆகிவிடவில்லை. அன்று கொடி மதியம் வரை அரைக்கம்பத்தில் இருக்கும், அப்புறம் உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். மாலை 3 மணிக்கு ஒரு நிமிட மௌனம், இது 2000-த்தில் வந்தது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அதற்கு முந்தைய வியாழக்கிழமையே சிப்பாய்கள் இறங்கி, இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கற்களுக்கு முன்னால், பூட்ஸ் காலையே அளவுகோலாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே இடைவெளியில் சின்னக் கொடி நடுகிறார்கள், அதுவும் சில மணி நேரத்துக்குள்.

பார்பிக்யூ போடுவது தப்பா என்றால், இல்லை. குடும்பம் ஒன்றுகூடுவதில் என்ன இருக்கிறது? ‘வீரர்களுக்கு வணக்கம், சோபாவுக்கு 40 சதவீதம்’ என்கிற பாணி விளம்பரம்தான் உறுத்துகிறது.

கேள்வி: அமெரிக்காவில் என் மகளின் பக்கத்து வீட்டு அம்மா ஈராக் போரில் மகனைப் பறிகொடுத்தவராம். அன்றைக்கு அவரிடம் என்ன பேசுவது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அப்படிப்பட்ட குடும்பங்களை அங்கே ‘கோல்டு ஸ்டார்’ குடும்பம் என்பார்கள், ஊதா நிறத்தின் மேல் தங்க நட்சத்திரம் வைத்த சின்ன பேட்ஜ் ஒன்றை அந்த அம்மா சட்டையில் குத்தியிருக்கக்கூடும். ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம், அது உயிரோடு திரும்பியவர்களிடம் சொல்வது. ‘உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்களேன்’ என்று கேட்கலாம், பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லியே கேட்கட்டும். அவருக்குப் பேச மனமில்லை என்று தெரிந்தால் வற்புறுத்த வேண்டாம்.